கடைமடைக்கு மேலே ஆயிரம் அடி

முதல் நாள், வெள்ளிக்கிழமை

உழவன் விரைவு ரயில் மயிலாடுதுறையில் இறக்கிவிட்டபோது இன்னும் இருட்டு விலகவில்லை. ஸ்டேஷன் வாசலில் ஒரு காபி, அப்புறம் பூம்புகார் பேருந்து. ஜன்னலோர இடம் கிடைத்ததும் கண் நேராக வாய்க்கால்களுக்குத்தான் போனது. எந்த வாய்க்காலில் தண்ணீர் ஓடுகிறது, எதில் தேங்கி நிற்கிறது, எது காய்ந்து கிடக்கிறது என்று எண்ணிக்கொண்டே வருவது எங்கள் வீட்டுப் பழக்கம்.

அப்பா பொதுப்பணித் துறையில் லஸ்கராக இருந்து ஓய்வு பெற்றவர். வெளியூர்க்காரர்களுக்கு அந்த வேலை தெரிந்திருக்காது. ஆற்றிலிருந்து வாய்க்கால் பிரியும் தலைப்பில் ஷட்டரை ஏற்றி இறக்க வேண்டும். கரையில் நடந்து எங்கே ஊறுகிறது, எங்கே உடைப்பு எடுக்கும் என்று பார்க்க வேண்டும். காலையும் மாலையும் கேஜ் பார்த்து எத்தனை அடி தண்ணீர் என்று நோட்டில் எழுத வேண்டும். நடுராத்திரி மழையில் டார்ச்சும் மண்வெட்டியுமாக அவர் கிளம்பிப் போனதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். கரையிலேயே நடந்து தேய்ந்ததால் இப்போது இரண்டு முட்டியும் வலிக்கிறது. அரை கிலோமீட்டர் நடந்தால் உட்கார இடம் தேடுகிறார்.

இந்த வருடம் ஜூன் 12-ல் மேட்டூர் அணையைத் திறந்தார்கள். டெல்டாவில் பிறந்தவர்களுக்கு இந்தத் தேதியை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 2022-ல் மே 24-லேயே திறந்ததும், 2024-ல் ஜூலை 28 வரை வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்ததும் அப்பாவுக்கு விரல் நுனியில் இருக்கும். மேட்டூரிலிருந்து கல்லணைக்கு மூன்று நாள் ஓட்டம். அங்கே காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என்று பிரித்துவிடுகிறார்கள். மிஞ்சுகிற வெள்ளம் கொள்ளிடத்துக்குப் போகும். அதற்குப் பிறகு எங்கள் பக்கம் எப்போது வரும் என்பது எந்த ஆற்றுக்கு எத்தனை நாள் தண்ணீர் என்று முறை வைப்பதைப் பொறுத்தது, வழியிலுள்ள வாய்க்கால்கள் எந்த நிலைமையில் இருக்கின்றன என்பதையும் பொறுத்தது. எங்கள் ஊர் கடைமடை, தண்ணீர் கடைசியாக வந்து சேரும் இடம். பூம்புகாரிலிருந்து சில கிலோமீட்டர் மேற்கே இருக்கிறது. காற்று திரும்பினால் கடல் வாசம் வரும்.

இந்தப் பயணம் எதற்கு என்று சொல்லிவிடுகிறேன். துபாயில் வேலை பார்க்கும் தம்பி போன வருடம் விமானத்திலிருந்து குதித்தான். பயிற்சியாளரோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு குதிக்கிற டேண்டம் ஸ்கைடைவிங். பேரீச்ச மர வடிவத்தில் கட்டிய தீவுக்கு மேலே 13,000 அடியிலிருந்து. வீடியோவை வீட்டுக்கு அனுப்பியிருந்தான். அம்மா பாதியில் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டார். அப்பா கடைசி வரை பார்த்தார். பார்த்துவிட்டு ஒரே கேள்வி கேட்டார்: “ஏன்டா, அங்கேருந்து பார்த்தா வாய்க்கா தெரியுமா?”

“அங்க ஏதுப்பா வாய்க்கா, கடலும் மணலும்தான்” என்றான் தம்பி.

அந்தக் கேள்வி எனக்குள்ளேயே தங்கிவிட்டது. அவ்வளவு காலம் தண்ணீரின் பின்னாலேயே நடந்த மனிதர், அது போகிற பாதையை முழுசாக ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. கரையில் நிற்பவருக்கு அடுத்த வளைவு வரைதான் தெரியும்.

எங்கள் ஊர்ப் பக்கம் குதிப்பதற்கு விமானம் கிடையாது. ஆனால் தம்பியின் நண்பர் ஒருவர் பாராமோட்டார் ஓட்டுகிறார். பாராசூட் மாதிரி விரியும் இறக்கை, முதுகுப் பக்கம் இஞ்சினும் காற்றாடியும், இரண்டு பேர் உட்கார மூன்று சக்கர வண்டி. அனுமதிக் கடிதங்கள் வாங்கிக்கொண்டு இந்த வாரக் கடைசியில் எங்கள் ஊர்த் திடலுக்கு வருகிறார். அவரோடு நான் ஏறப் போகிறேன். ஆகாயத்தில் பறப்பது இதுதான் முதல் தடவை. விமானத்தில்கூட இதுவரை ஏறியதில்லை.

பேருந்து நிறுத்தத்தில் அப்பா டிவிஎஸ் எக்ஸெலோடு காத்திருந்தார். சாப்பிட்டு முடித்ததும் ஒரு காகிதத்தை எடுத்து வைத்தார். பழைய கேஜ் நோட்டிலிருந்து கிழித்தது. காவிரி, தலைப்பு, எங்கள் வாய்க்கால், அதிலிருந்து பிரியும் கன்னி வாய்க்கால்கள், இரண்டு மதகு, ஒரு குழாய்ப் பாலம், கடைசியில் மூன்று வேலி நிலம். எல்லாம் பால்பாயிண்ட் பேனாவில்.

“தலைப்புல தண்ணி வுட்டு ஆறு நாள் ஆச்சு பாப்பா. இந்த மூணு வேலிக்கு இன்னும் வரல. எங்க நிக்குதுன்னு தெரியல. நீ மேல போறப்ப பாரு.”

மூன்று வேலி என்றால் ஏறக்குறைய 20 ஏக்கர். மேற்கே பம்புசெட் வைத்திருப்பவர்கள் குறுவை நடவை முடித்துவிட்டார்கள். கடலோரம் நெருங்க நெருங்க நிலத்தடி நீர் உப்பு. போர் போட்டுப் பயனில்லை. அந்த 20 ஏக்கருக்கு ஆற்றுத் தண்ணீரை விட்டால் வேறு கதி கிடையாது. நாற்றை மேற்கே வேறொருவர் நிலத்தில் விட்டு வைத்திருக்கிறார்கள். நாற்றுக்கு வயது ஏறிக்கொண்டிருக்கிறது. முற்றிய நாற்றை நட்டால் தூர் கட்டாது.

ட்ரோன் விட்டுப் பார்க்கலாமே என்று சிலர் கேட்பீர்கள். அப்பாவிடம் நானும் கேட்டேன். “போய்ப் பார்த்தவங்க வந்து சொல்லணும்” என்றார். கேஜைப் போய்ப் பார்க்காமல் நோட்டில் ஒரு நாளும் எழுதாத மனிதர் அப்படித்தான் சொல்வார்.

காகிதத்தை நாலாக மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்திருக்கிறேன். நாளைக் காலை ஐந்தரைக்குத் திடலில் இருக்க வேண்டும்.

இரண்டாம் நாள், சனிக்கிழமை

பறக்கவில்லை. காற்று.

ஐந்தரைக்கே போய்விட்டோம். பைலட் தம்பி (இனி அவரை அப்படியே சொல்கிறேன், வயதில் சின்னவர், என்னை அக்கா என்கிறார்) ஒரு மூங்கில் கழியில் சிவப்பு ரிப்பன் கட்டி நட்டு வைத்திருந்தார். ரிப்பன் விறைப்பாக நின்று படபடத்தது. கையிலிருந்த சின்னக் கருவியை உயர்த்திப் பிடித்தார். மணிக்கு 22 கிலோமீட்டர். “15 தாண்டினா நான் ஏத்த மாட்டேன்க்கா. ரெண்டு பேர் போறோம், நீங்க முதல் தடவை.” ஏழு மணி வரை காத்திருந்தோம். குறையவில்லை. ஆனி மாதத்து மேல்காற்று வெயில் ஏறினால் இன்னும் வலுக்கும், அதனால் சூரியன் ஏறிய பிறகு இந்தப் பேச்சே கிடையாது என்றார்.

“ஆடிக் காத்துல அம்மியே பறக்கும்பாங்க. இன்னும் ஆடி பொறக்கவே இல்ல, அதுக்குள்ள பாரு” என்று அம்மா நிம்மதியாகச் சொன்னார். நான் ஏறாமல் திரும்பி வந்ததில் அவருக்கு அத்தனை சந்தோஷம்.

வந்த நேரம் வீணாகவில்லை. வண்டியைப் பக்கத்திலிருந்து பார்த்தேன். முன் இருக்கை எனக்கு. பைலட் என் முதுகுக்குப் பின்னால் ஒரு படி உயரத்தில். அவருக்கும் பின்னால் வலைக்கூண்டுக்குள் காற்றாடி. காற்றாடி கையைத் தின்றுவிடும், எதற்காகவும் பின்னால் கையை நீட்டக் கூடாது என்று மூன்று தடவை சொன்னார். பெட்ரோலில் 2டி ஆயில் கலந்து ஊற்றுகிறார்கள், பழைய ஸ்கூட்டருக்கு ஊற்றியது போல. அந்தப் புகை வாசம் என் சின்ன வயதுக்கே இழுத்துக்கொண்டு போனது. பக்கவாட்டில் ஒரு பொட்டலம் தொங்கியது. அவசரத்துக்கு உள்ள இரண்டாவது பாராசூட். அதன் சிவப்புக் கைப்பிடியைத் தொட்டுக் காட்டி, நான் சொன்னால் ஒழிய தொடாதீர்கள் என்றார்.

அப்பா பக்கத்தில் கட்டைச் சுவரில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். நடுவில் அவர் கேட்டதால்தான் இது எனக்கும் புரிந்தது. விமானத்திலிருந்து குதிப்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டார்.

“அதுல முதல்ல விழணும்ங்கய்யா. 13,000 அடியில குதிச்சா ஏறக்குறைய ஒரு நிமிஷம் கல்லு மாதிரி விழுவோம், மணிக்கு 200 கிலோமீட்டர் வேகத்துல. 5,000 அடிகிட்ட குடையை விரிச்சதும் அப்படியே மிதந்து எறங்கணும். பயணி முன்னால, பயிற்சியாளர் பின்னால, நாலு கொக்கி போட்டு ஒட்டிக்கிட்டுப் போவாங்க. நம்ம வண்டியில விழுறதே கிடையாது. தரையிலேயே குடை விரிஞ்சுடும், அதுக்கப்புறந்தான் ஏறுறோம். வேகமும் 40, 50தான்.”

“அப்ப நின்னு பார்க்கலாம்” என்றார் அப்பா. அவருக்கு அதுதான் முக்கியம்.

எங்கே வேண்டுமானாலும் பறக்க முடியுமா என்று நான் கேட்டேன். முடியாதாம். தஞ்சாவூரில் விமானப்படைத் தளம் இருக்கிறது. 2020 ஜனவரியில் சுகோய் 30 படைப்பிரிவு ஒன்று அங்கே வந்து சேர்ந்தது. அந்தப் பக்கம் இதை எடுத்துக்கொண்டு போக நினைக்கவே கூடாது என்றார். பெரிய கோயில் விமானக் கோபுரத்தை மேலேயிருந்து பார்க்கும் ஆசை எனக்கு ஒரு மூலையில் இருந்தது. சரி, அது போகட்டும்.

மத்தியானம் வாய்க்கால் கரையில் போகிற வரை போனோம். அப்பா எக்ஸெலை ஓட்ட, நான் பின்னால். தலைப்பிலிருந்து ஒன்றரை கிலோமீட்டர் வரை தண்ணீர் ஓடுவதைப் பார்த்தோம். அதற்குமேல் சீமைக்கருவேல் இரண்டு கரையையும் மூடியிருக்கிறது. வண்டி போகாது, ஆளும் போக முடியாது. கீழ்ப்பக்கத்திலிருந்து சுற்றி வந்து பார்த்தால் தரை காய்ந்து வெடித்திருக்கிறது. நடுவில் இரண்டு கிலோமீட்டருக்கு என்ன நடக்கிறது என்று தெரியவில்லை. ஏ, பி என்று பிரித்திருக்கும் பெரிய வாய்க்கால்களைத் துறை தூர்வாருகிறது. அவற்றிலிருந்து பிரியும் சின்ன சி, டி வாய்க்கால் என்றால் யார் பொறுப்பு என்று ஒவ்வொரு வருடமும் பேச்சு ஓடும். பேச்சு முடிவதற்குள் தண்ணீர் வந்துவிடும்.

மூன்றாம் நாள், ஞாயிற்றுக்கிழமை

பறந்தேன். இப்போது ராத்திரி பத்து மணி. இன்னும் கண்ணை மூடினால் கால் தரையில் இல்லாத மாதிரியே இருக்கிறது. வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

விடியற்காலை ரிப்பன் தொங்கிக்கொண்டிருந்தது. அவ்வப்போது லேசாக மேற்கேயிருந்து அசைந்தது. கருவியில் 8. “கெளம்பலாம்க்கா” என்றதும் வயிற்றில் புளியைக் கரைத்தது. நேற்று முழுக்க இல்லாத பயம் அந்த ஒரு சொல்லில் வந்துவிட்டது. என் எடையைக் கேட்டார், 64 என்றேன். தலைக்கவசத்தை மாட்டி அதில் பேசும் கருவியைச் சரிபார்த்தார். இடுப்பிலும் தோளிலும் தொடையிலும் வார்களை இறுக்கினார். ஒவ்வொரு கொக்கியையும் திருகி மூடிவிட்டு என் விரலால் தொட்டுப் பார்க்கச் சொன்னார். அந்த இரும்பு காலைப் பனியில் சில்லென்று இருந்தது. அதைத் தொட்டதும் பயம் கொஞ்சம் இறங்கியது. மூடியிருக்கிறது என்று என் விரலுக்கே தெரிந்ததால் இருக்கலாம்.

பின்னால் இறக்கை புல்லில் விரிந்து கிடந்தது, கல்யாண வீட்டில் ஜமக்காளம் விரித்த மாதிரி. இஞ்சின் உறுமியது. முதுகு முழுவதும் அதிர்வு. வண்டி நகர்ந்ததும் பின்னால் “புஸ்ஸ்” என்று ஒரு சத்தம் வந்தது. ஒரு பெரிய நிழல் எங்கள் மேல் ஏறி முன்னால் போய் விழுந்தது. இறக்கை தலைக்கு மேல் வந்துவிட்டது என்பதை அந்த நிழலை வைத்துத்தான் தெரிந்துகொண்டேன். சக்கரம் மேடுபள்ளத்தில் தடதடவென்று அடித்தது. தடதட, தடதட. அப்புறம் அந்தத் தடதடப்பு நின்றுவிட்டது. ஏறியது எனக்குத் தெரியவே இல்லை. சத்தம் நின்றதுதான் தெரிந்தது.

கீழே கட்டைச் சுவர், அதன் பக்கத்தில் எக்ஸெல், அதைப் பிடித்தபடி அப்பா. அண்ணாந்து பார்க்கிறார். வெள்ளை வேட்டி சின்னதாகிக்கொண்டே போனது. அம்மா வீட்டிலிருந்து பார்ப்பதாகச் சொல்லியிருந்தார். மொட்டை மாடியில் ஆளைக் காணோம்.

300 அடி, 500 அடி என்று பைலட் தம்பி காதில் சொல்லிக்கொண்டே வந்தார். வலப்பக்கம் திரும்பினோம். சாய்ந்தபோது வார்களை இறுகப் பிடித்துக்கொண்டேன். “பிடிக்க வேண்டாம்க்கா, அது உங்களைப் பிடிச்சிருக்கு” என்றார். கையை விட்டேன். விட்டதும் பார்க்க முடிந்தது.

ஒரு கொக்குக் கூட்டம் எங்களுக்குக் கீழே போனது. பறக்கும் கொக்கின் முதுகை அதுவரை நான் பார்த்ததில்லை. பச்சை நாற்றங்காலுக்கு மேலே பதினாறோ பதினேழோ வெள்ளை முதுகுகள், ஒன்றுகூட மேலே பார்க்கவில்லை.

ஆயிரம் அடியில் கிழக்கே பார்த்துத் திரும்பினோம். சூரியன் எதிரே. இதை யாரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை, அதனால் எழுதிவைக்கிறேன். சூரியனைப் பார்த்துப் பறந்தால் தண்ணீர் இருக்கிற ஒவ்வொரு இடமும் பளிச்சென்று எரியும். தண்ணீர் கட்டிய வயல் தகடு மாதிரி மின்னும். காய்ந்த வயல் மங்கிக் கிடக்கும். எங்கே தண்ணீர் இருக்கிறது, எங்கே இல்லை என்பது கோடு கிழித்த மாதிரி தெரிகிறது. அப்பா எத்தனை வருடம் நடந்து கேட்ட கேள்விக்கு ஒரு பார்வையில் பதில் இருந்தது.

காவிரியைப் பார்த்தேன். முக்கொம்புக்கு மேலே அகண்ட காவிரி என்று சொல்லும் அந்த ஆறு இங்கே ஒரு பெரிய வாய்க்கால் அளவுக்குத்தான் இருக்கிறது. மற்ற ஆறுகள் கடலை நெருங்கும்போது அகலும். இது ஒடுங்கிக்கொண்டே வருகிறது. குடமுருட்டி, அரசலாறு, வீரசோழன் என்று வழியெல்லாம் பிரித்துக் கொடுத்துவிட்டு மிச்சம்தான் பூம்புகாருக்கு வருகிறது. குடகு மலையில் தொடங்கி 800 கிலோமீட்டர் வந்து, மேலையூர்க் கடைமுகத் தடுப்பணையைத் தாண்டி, மணலுக்கு நடுவே மெலிந்து கடலில் கலப்பது அங்கிருந்து ஒரு கோடாகத் தெரிந்தது. சின்ன வயதில் சங்கமத்துறையில் நின்று, இவ்வளவுதானா காவிரி என்று அப்பாவிடம் கேட்டிருக்கிறேன். “கொறஞ்சு போவல பாப்பா, குடுத்துட்டு வருது” என்று சொன்னார். மேலேயிருந்து பார்த்தபோது அதுதான் கண் முன்னால் விரிந்து கிடந்தது. மேற்கே கண்ணுக்கு எட்டிய வரை மின்னியதெல்லாம் அது கொடுத்தது.

கடலோரம் இறால் பண்ணைகள். சதுரம் சதுரமாக, வயலை விடக் கறுத்த தண்ணீர், நடுவில் காற்று அடிக்கும் துடுப்புச் சக்கரங்கள் வெள்ளை நுரையைக் கிளப்பிக்கொண்டு. அதற்கும் வயலுக்கும் நடுவே இருக்கும் இடைவெளி இவ்வளவு குறைவு என்று கரையில் நின்று நினைத்ததே இல்லை.

“இப்ப ஒரு நிமிஷம் நிறுத்துறேன், பயப்படாதீங்க” என்று சொல்லி இஞ்சினை அணைத்தார். அந்த அமைதியை எப்படி எழுதுவது! நூல்களில் காற்று சீறும் மெல்லிய சத்தம் மட்டும். அப்புறம் ஒவ்வொன்றாகக் கீழேயிருந்து ஏறி வந்தது. ஒரு நாய். எங்கேயோ கோயில் ஒலிபெருக்கி. பம்புசெட் ஓடும் தடக் தடக். யாரோ யாரையோ கூப்பிடுகிறார்கள். ஆயிரம் அடியில் ஊர்ச் சத்தம் இவ்வளவு துல்லியமாகக் கேட்கும் என்று எனக்குத் தெரியாது. அழுதேன். தம்பி கவனித்திருப்பார், ஒன்றும் கேட்கவில்லை.

இஞ்சின் மறுபடி பிடித்துக்கொண்டதும் வேலை ஞாபகம் வந்தது. காகிதத்தை வெளியே எடுக்கக் கூடாது, பறந்தால் காற்றாடிக்குள் போய்விடும் என்று நேற்றே சொல்லியிருந்தார். மனப்பாடம் செய்திருந்தேன். தலைப்பைப் பிடித்தேன். அங்கிருந்து வாய்க்காலோடு விரலால் காட்டிக்கொண்டே வந்தேன், அவர் வண்டியை அதன் மேலேயே ஓட்டினார். மின்னுகிறது. முதல் மதகு, மின்னுகிறது. கருவேலங்காட்டுக்குள் நுழைகிறது, இலைக்கு நடுவே விட்டு விட்டு மின்னுகிறது. திடீரென்று ஒரு நல்ல பச்சை. பயிர்ப் பச்சை இல்லை, அதை விடக் கொழுத்த பச்சை. ஆகாயத்தாமரை. வாய்க்காலை அடைத்துக்கொண்டு நூறு அடி நீளத்துக்குப் பாய் விரித்திருக்கிறது. அது முடிகிற இடத்தில் குறுக்கே சாலை, சாலைக்கு அடியில் குழாய்ப் பாலம். சாலைக்கு அந்தப் பக்கம் மின்னல் இல்லை. வெறும் பழுப்பு.

மேல்பக்கம் தண்ணீர் தேங்கி, கரை வழிந்து, பக்கத்து வடிகாலுக்குள் போய்க்கொண்டிருந்தது. வடிகால் வெள்ளிக்கம்பி மாதிரி மின்னிக்கொண்டு நேராகக் கடலைப் பார்த்துப் போகிறது. நாள் கணக்காக அந்தத் தண்ணீர் 20 ஏக்கருக்குப் போகாமல் உப்புத் தண்ணீரில் கலந்துகொண்டிருக்கிறது.

“தம்பி, இன்னொரு சுத்து” என்றேன். இரண்டு சுற்று போனார். சாலையில் பாலத்துக்குப் பக்கத்தில் ஒரு ஒற்றைப் பனை, கிழக்கே ஒரு ஓட்டு வீடு. அடையாளம் வைத்துக்கொண்டேன்.

மொத்தம் 25 நிமிடம். இறங்குவது ஏறுவதை விடச் சுலபம். திடல் எழும்பி வந்தது, சக்கரம் இரண்டு தடவை குதித்தது, இறக்கை முன்னால் சரிந்து மெல்லப் படுத்தது.

அப்பா வந்தார். நடை வேகமாக இருந்தது. தலைக்கவசத்தைக் கழற்றக்கூட விடவில்லை.

“எங்க நிக்குது?”

“கொழாப் பாலத்துக்கு மேலண்ட. ஒத்தப் பனை பக்கத்துல. ஆகாயத்தாமரை அடைச்சிருக்கு. தண்ணி வழிஞ்சு வடிகால்ல போவுது.”

நோட்டை எடுத்தார். பழைய கேஜ் நோட்டுதான், மிச்சமிருந்த பக்கங்கள். தேதி போட்டார். நேரம் 6.50. “சாலைக் குழாய்ப் பாலம். மேல்புறம் நிறை. கீழ்ப்புறம் இல்லை.” அதற்குக் கீழே ஒரு கணம் யோசித்து என் பெயரை எழுதினார், பார்த்தவர் என்று.

அவரும் ஏறட்டும் என்று பைலட் தம்பி கூப்பிட்டார். முட்டி மடங்காது, இருக்கையில் காலை நீட்ட முடியாது என்று சொல்லிவிட்டார். எனக்கு மனசு கேட்கவில்லை, மறுபடி கேட்டேன். “நீ பார்த்துட்டல்ல” என்றார்.

நான்காம் நாள், திங்கட்கிழமை

இன்று ராத்திரி ரயில். உடம்பெல்லாம் வலி, பறந்ததால் வந்த வலி அல்ல.

நேற்றே அப்பா நாலு வீட்டுக்குச் சொல்லிவிட்டார். காலை ஆறு மணிக்குப் பாலத்தில் பதினோரு பேர். அரிவாள், கயிறு, மண்வெட்டி. கருவேலை வெட்டி வழி எடுக்கவே ஒன்றரை மணி நேரம் ஆனது. அந்தப் பக்கம் போய் நின்று பார்த்தபோதுதான் ஏன் யாருக்கும் தெரியவில்லை என்பது புரிந்தது. சாலையிலிருந்து எட்டிப் பார்த்தால் புதர் மட்டும்தான் தெரியும். குழாயின் வாய் புதருக்குள்.

சாலையை உயர்த்திப் போட்டவர்கள் பழைய கல் பாலத்தை எடுத்துவிட்டு இந்தக் குழாயைப் பதித்தார்கள். ஒரு ஆள் குனிந்தால்கூட நுழைய முடியாத குழாய். அதில் ஒரு தென்னை மட்டை குறுக்கே மாட்டியிருந்தது. மட்டையில் ஒரு பழைய சாக்கு, சாக்கில் ஆகாயத்தாமரை, அதன் பின்னால் நூறு அடிக்கு மற்றதெல்லாம். ஒரு மட்டை. நான் அதைக் கையில் பிடித்துப் பார்த்தேன். ஊறிக் கறுத்து, கனமாக இருந்தது. இதற்காக நாற்று முற்றிக்கொண்டிருந்தது என்று நினைத்தபோது கோபம் வந்தது. பாலத்தை அளவாகக் கட்டியிருந்தால் மட்டை தானாகப் போயிருக்கும்.

ஆகாயத்தாமரையை இழுப்பது லேசான வேலை இல்லை. வேர்கள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. கயிற்றைச் சுற்றி நாலு பேர் இழுத்தால் ஒரு பாய் மாதிரி வருகிறது, கறுப்பு வேர் தொங்க, சேறு சொட்டச் சொட்ட. நானும் இறங்கினேன். இடுப்பளவு தண்ணீர், அடியில் சேறு முழங்கால் வரை வாங்கியது. பெரியப்பா முறையுள்ள ஒருவர் எழுபது வயதில் எனக்கு முன்னால் நின்று இழுத்துக்கொண்டிருந்தார். வீட்டிலிருந்து அம்மா மோரும் எலுமிச்சை ஊறுகாயோடு தயிர்சாதமும் அனுப்பியிருந்தார். பைலட் தம்பியும் கிளம்புகிற வழியில் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கினார். அவருடைய வெள்ளைச் சட்டை வீணாகிவிட்டது.

பகல் பன்னிரண்டுக்குக் குழாயின் வாய் திறந்தது. முதலில் ஒரு உறிஞ்சும் சத்தம். அப்புறம் சாலைக்கு அந்தப் பக்கம் கறுப்பாகத் தண்ணீர் கொப்பளித்தது, ஐந்து நிமிடத்தில் கலங்கல் தெளிந்து செம்மண் நிறத்துக்கு வந்தது. மேட்டூரிலிருந்து வந்த நிறம்.

எல்லோரும் சாலையைத் தாண்டி ஓடினார்கள். வெடித்த வாய்க்கால் தரையில் தண்ணீர் ஓடவில்லை, நடந்தது. முன்னால் சருகு, வைக்கோல், நுரை, அதன் மேல் தொற்றிக்கொண்ட எறும்புகள். ஒரு வெடிப்பு வந்தால் அதில் இறங்கி நிறையும் வரை நின்றது, நிறைந்ததும் அடுத்ததற்குப் போனது. வெடிப்பு குடிக்கும் சத்தம் கேட்டது.

அப்பா கரையில் அதன் கூடவே நடக்க ஆரம்பித்தார். கையில் நோட்டு. தண்ணீர் நின்றால் நின்றார், நகர்ந்தால் நகர்ந்தார். வண்டியில் வாங்கப்பா என்றேன், காதில் விழவில்லை. இரண்டாவது மதகு வரை ஒரு கிலோமீட்டருக்குப் பக்கம் இருக்கும். எக்ஸெலைத் தள்ளிக்கொண்டு நான் பின்னால் போனேன்.